இமிக்ரேஷன் லா தான்னு முடிவு பண்ணிட்டேன், லா ஸ்கூல்ல இருக்கும்போதே நிஜ கேஸ் அனுபவம் எப்படி வாங்கறது?

ஒன்எல்_மாணவி

எல்லாருக்கும் வணக்கம். அமெரிக்காவுல ஜேடி (சட்டப் பட்டப் படிப்பு) முதல் வருஷம் படிக்கறேன், எஃப்-1 விசா, அதாவது மாணவர் விசா. லா ஸ்கூலுக்கு அப்ளை பண்ணும்போதே இமிக்ரேஷன் லாதான்னு முடிவோட வந்தேன், ஒரு செமஸ்டர் முடிஞ்சும் அந்த ஆசை குறையல, ஆனா தினம் படிக்கறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கு. கான்ட்ராக்ட்ஸ், டார்ட்ஸ், ப்ராப்பர்ட்டி, சிவில் ப்ரொசீஜர்னே நாள் போகுது, இமிக்ரேஷன்ங்கற பேச்சே வகுப்புல எடுக்கறதில்ல. இரண்டாம் வருஷத்துல ஒரே ஒரு இமிக்ரேஷன் கோர்ஸ் இருக்கு, ஒரு க்ளினிக் (மேற்பார்வைல மாணவர்களே நிஜ கேஸ் எடுக்கற இடம்) இருக்கு, அதுல சீட்டு ரொம்ப கம்மி, மூணாம் வருஷத்துக்காரங்களுக்குத்தான் முதல்ல குடுப்பாங்கன்னு சீனியர்ஸ் சொல்றாங்க.

எனக்கு தெரிய வேண்டியது இதுதான். க்ளினிக்ல சேர்றதுக்கும் வெளில ஒரு ஆபீஸ்ல எக்ஸ்டர்ன்ஷிப் (படிப்போட பாகமா பண்ற வேலைப் பயிற்சி) பண்றதுக்கும் நிஜமாவே என்ன வித்தியாசம், ரெண்டுல ஒண்ணுதான் கிடைக்கும்னா எதை எடுக்கணும்? க்ளினிக் கிடைக்கலன்னா வேற என்ன வழி? இந்த சம்மருக்கு இப்பவே ஏதாவது பண்ண முடியுமா? அசைலம் (அடைக்கலம் கேக்கறவங்க கேஸ்), டிபோர்ட்டேஷன் டிஃபென்ஸ் (நாட்டை விட்டு அனுப்பறதை எதிர்த்து வாதாடறது) பக்கம்தான் மனசு இழுக்குது, ஆனா நானே விசாவுல இருக்கறவ, அந்த மாதிரி வேலைல யாராவது வேலை விசாவுக்கு ஸ்பான்சர் பண்ணுவாங்களான்னு வீட்ல பயப்படறாங்க. கேரியர் ஆபீஸ்ல கேட்டா பெரிய ஃபர்ம் இன்டர்வியூ பத்தித்தான் பேசறாங்க. இந்த துறைல இருக்கறவங்க சொன்னா பெரிய உதவியா இருக்கும், எவ்ளோ நீளமா எழுதினாலும் முழுசா படிப்பேன்.


மாஸ்டர்_காலெண்டர்

ரிமூவல் டிஃபென்ஸ், அதாவது நீங்க சொன்ன டிபோர்ட்டேஷன் டிஃபென்ஸ்தான் என் முழுநேர வேலை, அந்தப் பக்கத்துலேர்ந்து சொல்றேன். ரெண்டுல ஒண்ணுன்னா க்ளினிக் எடுங்க, யோசிக்கவே வேண்டாம். காரணம் ஃபெடரல் ரெகுலேஷன்லயே இருக்கு, 8 சிஎஃப்ஆர் 1292.1 எடுத்து ஒருதடவை படிச்சுப் பாருங்க. லா ஸ்கூலோ லாப நோக்கமில்லாத அமைப்போ நடத்தற க்ளினிக்ல, ப்ரொஃபசர் இல்லன்னா லைசன்ஸ் இருக்கற வக்கீலோட நேரடி மேற்பார்வைல, க்ளையண்ட்கிட்ட காசு வாங்காம வேலை செய்யற சட்ட மாணவர் இமிக்ரேஷன் கோர்ட்ல ஆஜராகலாம், அந்த ஜட்ஜ் அனுமதிக்கணும், அவ்வளவுதான். இன்னும் பார் எக்ஸாம் (வக்கீல் லைசன்ஸ் தேர்வு) எழுதாத ஒருத்தர் எழுந்து நின்னு சாட்சியை விசாரிக்கலாம், க்ளோசிங் பேசலாம். எக்ஸ்டர்ன்ஷிப்ல கேஸ் அந்த ஆபீஸோடது, உங்க கைக்கு ஒரு துண்டு வரும், ஒரு மெமோ, ஒரு ஃபாரம், ஒரு ட்ராஃப்ட், அது எங்கேர்ந்து வந்துச்சு கடைசில என்ன ஆச்சுன்னு பல சமயம் தெரியாமலே செமஸ்டர் முடிஞ்சிரும். க்ளினிக்ல அந்த மனுஷன் உங்க க்ளையண்ட், பயம் வந்தா ராத்திரி உங்களுக்குத்தான் ஃபோன் பண்ணுவார்.

மாணவர் பண்ற வேலை சும்மா பயிற்சி ஆட்டம்னு நினைக்கறவங்களுக்கு ஒரு கேஸ் சொல்றேன். 1994 கடைசில டோகோவுலேர்ந்து ஃபௌஸியா கஸிண்ட்ஜான்னு ஒரு 17 வயசுப் பொண்ணு நியூவார்க் ஏர்போர்ட்ல இறங்கி அசைலம் கேட்டா, பிறப்புறுப்பு சிதைப்புக்கும் கட்டாயக் கல்யாணத்துக்கும் பயந்து தப்பிச்சு வந்தவ, வந்த நாள்லேர்ந்து டிடென்ஷன்ல வெச்சுட்டாங்க. அந்த கேஸ்ல இறங்கி வேலை பார்த்தது லேலி மில்லர்-பஷீர், அமெரிக்கன் யூனிவர்சிட்டில அப்ப சட்ட மாணவி. இமிக்ரேஷன் ஜட்ஜ் கேஸை தள்ளிட்டார். அப்புறம் அதே யூனிவர்சிட்டியோட மனித உரிமை க்ளினிக் உள்ள வந்துச்சு, கேரன் முசாலோ வாதாடி 1996ல போர்ட் ஆஃப் இமிக்ரேஷன் அப்பீல்ஸ்ல (இமிக்ரேஷன் ஜட்ஜ் தீர்ப்பு மேல அப்பீல் கேக்கற அமைப்பு) ஜெயிச்சாங்க. மேட்டர் ஆஃப் கஸிங்கான்னு நீங்க அடுத்த வருஷம் வகுப்புல படிக்கப் போற தீர்ப்பு அதுதான். அந்த மாணவி 1997ல தஹிரி ஜஸ்டிஸ் சென்டரை ஆரம்பிச்சாங்க.

ஆனா க்ளினிக்னா எப்பவும் கோர்ட்ல நின்னு பேசறதுன்னு எதிர்பார்த்துப் போகாதீங்க. முக்கால்வாசி நேரம் டிக்ளரேஷன்ல போகும், க்ளையண்ட் தனக்கு நடந்ததை தன் வாயால சொல்ற அந்த வாக்குமூலம், அசைலம் கேஸோட உயிரே அதுதான். கஷ்டப்பட்டவங்க யாரும் தேதி வரிசைல பேச மாட்டாங்க. முதல் சந்திப்புல பாதியைச் சொல்லவே மாட்டாங்க, மூணாவது நாலாவது சந்திப்புல திடீர்னு ஒரு விஷயம் வெளில வரும், அதுவரை எழுதினதெல்லாம் மாறிடும். இதுக்குள்ள பார்டர்ல பிடிச்சப்ப ஆபீசர் எழுதின குறிப்புல ஒண்ணு இருக்கும், கிரெடிபிள் ஃபியர் இன்டர்வியூல (அவங்க பயம் நம்பும்படியா இருக்கான்னு முதல்ல பார்க்கறது) வேற மாதிரி இருக்கும், யாரோ அவசரத்துல நிரப்பிக் குடுத்த ஐ-589 அசைலம் விண்ணப்ப ஃபாரத்துல இன்னொரு தேதி இருக்கும். 2005ல வந்த ரியல் ஐடி ஆக்ட் படி அந்த முரண்பாடு கேஸோட மையத்தைத் தொடணும்னு கூட அவசியம் இல்ல, ஓரத்துல இருக்கற ஒரு தேதிக் குழப்பத்தை வெச்சே இவர் சொல்றது நம்பும்படியா இல்லன்னு ஜட்ஜ் முடிவு பண்ண முடியும். ஒரு மனுஷன் உயிருக்கு பயந்து ஓடி வந்தது உண்மையா இருக்கும், ஆனா மார்ச்சா மே மாசமாங்கறதுல கேஸ் போயிரும். இதை நேர்ல ஒருதடவை பார்த்தீங்கன்னா எப்படி கேள்வி கேக்கணும்னு தானா கத்துக்குவீங்க. எந்த மாசம்னு கேட்டா தெரியாது, மழைக்காலமா, அப்ப குழந்தைக்கு நடக்க வந்துருச்சா, எலெக்ஷனுக்கு முன்னாடியா பின்னாடியான்னு கேட்டா சரியா சொல்வாங்க. அதுக்கும் முன்னாடி முதல் வேலையா அவங்க ஏ-ஃபைலுக்கு (அரசு அவங்களைப் பத்தி வெச்சிருக்கற இமிக்ரேஷன் ஃபைல்) தகவல் கோரிக்கை போட்டு கவர்ன்மென்ட் கைல என்ன பேப்பர் இருக்குன்னு பார்த்துரணும். வெளிநாட்டு மொழில இருக்கற ஒவ்வொரு காகிதத்துக்கும் மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவர் கையெழுத்து போட்ட சான்றும் வெக்கணும், அது இல்லன்னா ஒரிஜினல் போலீஸ் ரிப்போர்ட்டா இருந்தாலும் ஃபைல்ல சேராது. டிக்ளரேஷன்ல வக்கீல் பாஷை எழுதாதீங்க, எழுதி முடிச்சதும் அவங்க மொழில வரி வரியா படிச்சுக் காட்டுங்க, இது நான் சொன்னது இல்லையேன்னு அவங்க முகம் மாறற இடத்துல நிறுத்துங்க.

இவ்வளவு ஏன் சொல்றேன்னா இந்த கோர்ட்ல கவர்ன்மென்ட் செலவுல வக்கீல் கிடையாது. கிரிமினல் கேஸ்ல வசதி இல்லாதவருக்கு வக்கீல் குடுத்தே ஆகணும், இங்க வக்கீல் வெச்சுக்கலாம் ஆனா அரசு செலவுல இல்லன்னு சட்டமே சொல்லுது. எதிர்ல டிஎச்எஸ் (உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை) வக்கீல் உக்காந்திருப்பார், இந்தப் பக்கம் ஒரு அம்மா கைக்குழந்தையோட தனியா நிப்பாங்க. 30 லட்சத்துக்கும் மேல கேஸ் தேங்கிக் கிடக்குது. ஒரு மாணவர் ஒரு கேஸ் எடுத்தா கூட அது ஒரு குடும்பம்.

க்ளினிக் கிடைக்கலன்னா? முதல்ல இந்த மாசமே போய் கோர்ட்ல உக்காருங்க. இமிக்ரேஷன் கோர்ட் விசாரணை பொதுவா பொதுமக்களுக்கு திறந்திருக்கும், மாஸ்டர் காலெண்டர் ஹியரிங்ல (பல கேஸை வரிசையா சுருக்கமா எடுக்கற முதல் கட்ட விசாரணை) ஒரு காலை உக்காந்தா பத்துலேர்ந்து முப்பது கேஸ் கண் முன்னாடி ஓடும், அசைலம் விசாரணைல அசைலம் கேக்கறவர் விசாரணையை மூடச் சொன்னா வெளில வந்துரணும், டிடென்ஷன் சென்டருக்குள்ள இருக்கற கோர்ட்டுன்னா முன்கூட்டியே அனுமதி வேணும். நீங்க விசாவுல இருக்கறதால ஒண்ணு கவனிங்க, 2025 மே மாசத்துலேர்ந்து பல ஊர்ல கோர்ட் வராந்தாவுலயே ஐஸ் (குடியேற்ற அமலாக்கப் பிரிவு) ஆளுங்க கைது பண்ணிட்டிருக்காங்க, பாஸ்போர்ட், ஐ-20 (ஸ்கூல் குடுத்த மாணவர் படிவம்), ஐ-94 (நாட்டுக்குள்ள வந்த பதிவு) கைல இல்லாம போகாதீங்க, முடிஞ்சா வகுப்புத் தோழர்களோட சேர்ந்து போங்க. அடுத்து, லாப நோக்கமில்லாத அமைப்புகள் சனிக்கிழமைல குடியுரிமை ஃபாரம் நிரப்பற முகாம் நடத்துவாங்க, என்-400 ஃபாரம், முதல் வருஷ மாணவரையும் எடுத்துக்குவாங்க, அதுல முன்ன பின்ன தெரியாத ஒருத்தர்கிட்ட அரெஸ்ட் ஆனது உண்டா, வரி கட்டினீங்களான்னு கேக்கற பழக்கம் வரும். எப்படியும் ஜேடி முடிக்க ஏபிஏ (அமெரிக்க வக்கீல் சங்கம்) விதிப்படி ஆறு கிரெடிட் அனுபவ வகுப்பு வேணும், நியூயார்க் பாருக்கு 50 மணி நேரம் ப்ரோ போனோ (இலவச சட்ட உதவி) வேணும், க்ளினிக்ல உழைக்கற நேரம் ரெண்டுக்கும் உதவும்.

கோர்ஸ் பத்தி சுருக்கமா. அட்மினிஸ்ட்ரேட்டிவ் லா கட்டாயம், 2024ல லோப்பர் ப்ரைட் தீர்ப்பு வந்து செவ்ரான்ங்கற பழைய தீர்ப்பு போனப்புறம் ஏஜென்சி சொன்ன அர்த்தத்தை கோர்ட் அப்படியே ஏத்துக்கத் தேவையில்லன்னு ஆயிடுச்சு, இமிக்ரேஷன்ல அதோட விளைவு இன்னும் ஓடிட்டிருக்கு. எவிடன்ஸ் எடுங்க. கிரிமினல் ப்ரொசீஜர் எடுங்க, 2010ல படீயா எதிர் கென்டக்கி தீர்ப்புக்கு அப்புறம் குற்றத்தை ஒத்துக்கறதுக்கு முன்னாடி டிபோர்ட் ஆக வாய்ப்பு இருக்கான்னு க்ளையண்ட்டுக்கு சொல்ல வேண்டியது வக்கீலோட கடமை, அதனால பப்ளிக் டிஃபெண்டர் (கிரிமினல் கேஸ்ல வசதி இல்லாதவங்களுக்கு அரசு தர்ற வக்கீல்) ஆபீஸ்லயே இமிக்ரேஷன் ஆளு வேலை உருவாகிருக்கு, அங்கயும் சம்மர் கேட்டுப் பாருங்க.


யாழ்_பெடியன்

மேல எழுதினவர் விரிவா சொல்லிப்போட்டார், நான் மொழி விசயம் மட்டும் சேர்க்கிறன். நானும் க்ளினிக் செய்துதான் முடிச்சனான். உங்களுக்கு தமிழ் நல்லா வருமெண்டா அதை ரெஸ்யூமேல கடைசி வரியில ஒளிச்சு வைக்காதேங்கோ. ஸ்பானிஷ் தெரிஞ்ச மாணவர் நிறையப் பேர் இருக்கினம், தமிழ் கதைக்கிற ஆக்களைத் தேடிப் பிடிக்கிறது அமைப்புகளுக்கு சரியான கஷ்டம்.

2020இல வந்த டிஎச்எஸ் எதிர் துரைசிங்கம் தீர்ப்பை நீங்கள் கட்டாயம் படிப்பீங்கள். விஜயகுமார் துரைசிங்கம் இலங்கைத் தமிழர், 2017இல மெக்சிகோ எல்லையைத் தாண்டி 25 யார் தூரத்திலேயே பிடிபட்டவர். வான் வண்டியில வந்தவை தூக்கிக்கொண்டு போய் அடிச்சவை, ஆர் எண்டும் தெரியாது ஏன் எண்டும் தெரியாது எண்டு அசைலம் ஆபீசருக்கு சொன்னவர். எங்கட நாட்டில தமிழர் ஒருத்தரை வானில கடத்தினதெண்டா அதுக்குப் பின்னால என்ன இருக்கெண்டு தெரிஞ்ச ஒரு ஆள் அந்த அறையில இருந்திருந்தா அடுத்த கேள்வி வேற மாதிரி வந்திருக்கும். ஆபீசர் கிரெடிபிள் ஃபியர் இல்லையெண்டு எழுதிப்போட்டார். வழக்கு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய், அந்த முடிவை ஹேபியஸ் (ஆட்கொணர்வு மனு) மூலமா கோர்ட்டில திரும்பப் பாக்கச் சொல்லி கேக்க அவருக்கு உரிமை இல்லையெண்டு 7க்கு 2 எண்டு தீர்ப்பு வந்தது. இண்டைக்கு எல்லையில பிடிபடுற எல்லாரையும் தொடுற சட்டம் அது, அதில இருக்கிறது எங்கட பெயர். முதல் இன்டர்வியூ எவ்வளவு பெரிய விசயம் எண்டு வகுப்பில ஒருத்தர் விளங்கப்படுத்த முதலே உங்களுக்குத் தெரிஞ்சிருக்க வேணும்.

இன்னொண்டு, இலங்கை கேஸ் எடுத்தா மெட்டீரியல் சப்போர்ட், அதாவது பயங்கரவாத அமைப்புக்கு உதவி செய்தவைக்கு அசைலம் இல்லையெண்ட பிரச்சனை வரும். புலிகள் அமைப்பு 1997இல அமெரிக்காவின்ர பயங்கரவாத அமைப்புப் பட்டியல்ல சேர்ந்தது. துவக்கு முனையில நிண்டு சாப்பாடு குடுத்தவையும் உதவி செய்தவை எண்டுதான் சட்டம் பாக்குது. 2018இல மேட்டர் ஆஃப் ஏ-சி-எம் எண்டு எல் சால்வடோர் பெண் ஒருத்தியின்ர கேஸ், கெரில்லாக்கள் பிடிச்சு வைச்சு சமைக்கவும் துணி தோய்க்கவும் வைச்சவை, அதையும் மெட்டீரியல் சப்போர்ட் எண்டு போர்ட் சொன்னது. கட்டாயப்படுத்தினவை எண்டதுக்கு விலக்கு குடுக்கலாம், ஆனா குடுக்கிறது டிஎச்எஸ்ஸின்ர விருப்பம். அதாலதான் எங்கட ஆக்களோட கதைக்கேக்க, அவை சாதாரணமா சொல்லிக்கொண்டு போற ஒரு வரி கேஸை முடிக்கலாம் எண்டதை விளங்கி, உங்கட சூப்பர்வைசர் பக்கத்தில இருக்கேக்கதான் அந்தக் கேள்வியைத் திறக்க வேணும்.

கடைசியா ஒண்டு. தமிழ் தெரியுமெண்டு உங்களையே மொழிபெயர்ப்பாளரா இருக்கச் சொல்லி கேப்பினம். யூஎஸ்சிஐஎஸ் (குடியேற்ற விண்ணப்பங்களைப் பாக்கிற அரசு அமைப்பு) அசைலம் ஆபீஸ் இன்டர்வியூவுக்கு விண்ணப்பிக்கிற ஆள்தான் மொழிபெயர்ப்பாளரைக் கூட்டிக்கொண்டு வர வேணும், ஆனா அவரைப் பிரதிநிதித்துவம் செய்யிற ஆள் அந்த வேலையைச் செய்யேலாது. நீங்கள் கேஸில நிக்கிறீங்களோ மொழிபெயர்க்கிறீங்களோ எண்டு முதல் நாளே முடிவெடுங்கோ. எங்கட ஆக்களின்ர கதையைக் கேட்டா ராத்திரி நித்திரை வராது, அதைப் பற்றி சூப்பர்வைசரோட கதைக்க வெட்கப்படாதேங்கோ, நல்ல க்ளினிக்கில அதுக்கெண்டே நேரம் ஒதுக்குவினம்.


பெர்ம்_டெஸ்க்

ரெண்டு பேரும் சொன்னதுல எனக்கு மாத்துக் கருத்து எதுவும் இல்ல, ஆனா எம்ப்ளாய்மென்ட் பக்கத்தை யாரும் சொல்லல, அதனால எழுதறேன். நான் பல வருஷமா ஹெச்-1பி (வேலை விசா), பெர்ம் (க்ரீன் கார்டுக்கு முன்னாடி தொழிலாளர் துறைகிட்ட வாங்கற சான்று), ஐ-140 (வேலை வழி க்ரீன் கார்டு மனு) தான். மனசு அசைலம் பக்கம் இருக்கறவங்க இதை வெறும் பேப்பர் வேலைன்னு நினைப்பாங்க, அது நியாயம் இல்ல. வருஷத்துக்கு 1,40,000 எம்ப்ளாய்மென்ட் க்ரீன் கார்டு, அதுல ஒரு நாட்டுக்கு 7 சதவீத வரம்பு, இந்தியாவுல பிறந்தவங்க வருஷக்கணக்கா வரிசைல நிக்கறாங்க. சின்ன வயசுல அப்பா அம்மாவோட வந்த குழந்தைக்கு 21 வயசு ஆனா அந்த வரிசைலேர்ந்து வெளில விழுந்துரும். 2002ல வந்த சைல்ட் ஸ்டேட்டஸ் ப்ரொடெக்ஷன் ஆக்ட்ல வயசை எப்படி கணக்கு பண்றதுன்னு தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர் கைல அந்தப் பிள்ளையோட எதிர்காலம் இருக்கு, நான் பார்த்த அழுகை எல்லாம் கோர்ட்ல பார்த்தது இல்ல, என் ஆபீஸ் ரூம்ல பார்த்தது.

பயிற்சின்னு பார்த்தாலும் இங்க நிறைய இருக்கு. ஆர்எஃப்ஈக்கு (கூடுதல் ஆதாரம் கேட்டு வர்ற நோட்டீஸ்) பதில் எழுதறதுதான் இந்தப் பக்கத்து வக்கீலோட எழுத்துப் பயிற்சி, யூஎஸ்சிஐஎஸ் கேட்ட கேள்வியைப் புரிஞ்சு, சாட்சியம் தேடி, தீர்ப்பு காட்டி, ஒரு ஆபீசர் பத்து நிமிஷத்துல படிச்சு ஒத்துக்கற மாதிரி எழுதணும். நேஷனல் இன்ட்ரஸ்ட் வெய்வர் (நாட்டு நலனைக் காட்டி, கம்பெனி ஸ்பான்சர் இல்லாமலே க்ரீன் கார்டு கேக்கறது) கேஸ் ஒண்ணு ட்ராஃப்ட் பண்ணிப் பாருங்க, 2016ல வந்த மேட்டர் ஆஃப் தனசார் மூணு கேள்வி வெச்சிருக்கு, அந்த மூணுக்கும் ஒரு விஞ்ஞானியோட வாழ்க்கையை பொருத்தி எழுதறது டிக்ளரேஷன் எழுதறதுக்கு கொஞ்சமும் குறைஞ்ச வேலை இல்ல.

என் யோசனை, ஒரு சம்மரோ ஒரு செமஸ்டரோ இந்தப் பக்கம் பாருங்க, க்ளினிக் அந்தப் பக்கம் பண்ணுங்க. சின்ன ஆபீஸ்ல சேர்ந்தா ஃபேமிலி, எம்ப்ளாய்மென்ட், ரிமூவல் எல்லாம் ஒரே கூரைக்கு கீழ பார்க்கலாம், ஐ-130 (குடும்ப உறவுக்கான மனு) போட வந்தவர் பழைய டிபோர்ட்டேஷன் ஆர்டர் ஒண்ணை வெச்சுட்டு உக்காந்திருப்பார், அங்கதான் எல்லா சட்டமும் ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கிடக்கறது தெரியும். ஆனா சேர்றதுக்கு முன்னாடி விசாரிங்க. க்ளையண்ட்டை வக்கீல் பார்க்காமலே ஒரே கதையை பேர் மாத்தி அசைலம் ஃபாரத்துல போடற ஆபீஸ் எங்கயும் உண்டு, அப்படி ஒரு வேலை உங்க மேஜைக்கு வந்தா அன்னிக்கே கிளம்பிருங்க, லைசன்ஸ் வாங்கும்போது உங்க நடத்தையைத்தான் தோண்டிப் பார்ப்பாங்க. ஐலாவுல (இமிக்ரேஷன் வக்கீல்கள் சங்கம்) மாணவர் மெம்பர்ஷிப் இருக்கு, அதை எடுத்து உள்ளூர் சாப்டர் கூட்டத்துக்குப் போங்க, யார் நல்லா வேலை பார்க்கறாங்கன்னு ரெண்டு கூட்டத்துல தெரிஞ்சிரும்.


எஃப்1_கடந்து_வந்தவன்

வீட்டுக் கவலைக்கு நான் பதில் சொல்றேன், நானும் எஃப்-1ல ஜேடி முடிச்சு இப்ப இந்த வேலைலதான் இருக்கேன். முதல்ல குடியுரிமை இல்லாம வக்கீல் ஆக முடியுமான்னு கேட்டாங்கன்னா 1973 க்ரிஃபித்ஸ் கேஸை காட்டுங்க, குடிமகன் இல்லன்ற ஒரே காரணத்துக்காக பார்ல சேர்க்க மாட்டேன்னு மாநிலம் சொல்லக் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் அப்பவே சொல்லிருச்சு. மேல சொன்ன மாணவர் ஆஜராகற விதிலயும் குடியுரிமை கேக்கல, அங்கீகாரம் பெற்ற லா ஸ்கூல்ல படிச்சா போதும்.

ஸ்கூல் க்ளினிக் பொதுவா ஒரு வகுப்பு மாதிரி, கிரெடிட் மட்டும் வரும், அதனால எஃப்-1க்கு பெரிய சிக்கல் இல்ல. வெளில எக்ஸ்டர்ன்ஷிப்னா சிபிடி (படிக்கும்போதே வேலைப் பயிற்சிக்கான அனுமதி) வேணும், அதுக்கு ஒரு முழு கல்வி ஆண்டு முடிச்சிருக்கணும், நீங்க ஸ்ப்ரிங் முடிச்சுட்டா இந்த சம்மருக்கே தகுதி வந்துரும், ஆனா வேலை படிப்போட பாகமா இருக்கணும்னு விதி, பெரும்பாலான ஸ்கூல்ல சம்மர் எக்ஸ்டர்ன்ஷிப் கிரெடிட்ல பதிவு பண்ணுவாங்க. சம்பளம் இல்லாத வேலைதானேன்னு டிஎஸ்ஓகிட்ட (ஸ்கூல்ல மாணவர் விசா விஷயம் பார்க்கற அதிகாரி) கேக்காம ஆரம்பிச்சுராதீங்க, சம்பளம் இல்லாததும் சில சமயம் வேலைக் கணக்குல வரும், ஐ-20ல சிபிடி ஏறின அப்புறம்தான் முதல் நாள். ஃபுல் டைம் சிபிடி 12 மாசம் ஆயிட்டா ஓபிடி (படிப்பு முடிச்சு வேலை செய்ய அனுமதி) போயிரும், அதையும் மனசுல வைங்க. ஜேடி ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்ப, கணிதப் படிப்பு) கிடையாது, அதனால ஓபிடி வெறும் 12 மாசம், நீட்டிப்பு இல்ல. டிபார்ட்மென்ட் ஆஃப் ஜஸ்டிஸ் இன்டர்ன்ஷிப், இமிக்ரேஷன் கோர்ட் க்ளர்க் வேலை இதெல்லாம் பெரும்பாலும் குடியுரிமை கேப்பாங்க, அதுல நேரத்தை செலவு பண்ண வேண்டாம்.

ஸ்பான்சர் விஷயம் நேரடியா சொல்றேன். சட்ட உதவி அமைப்புன்னா ஹெச்-1பி லாட்டரிலேர்ந்து விலக்குன்னு நிறைய பேர் நினைக்கறாங்க, அப்படி இல்ல. யூனிவர்சிட்டி, யூனிவர்சிட்டியோட முறைப்படி இணைஞ்ச அமைப்பு, ஆராய்ச்சி அமைப்பு இதுங்களுக்குத்தான் விலக்கு. சாதாரண லாப நோக்கமில்லாத அமைப்பு வருஷத்துக்கு 65,000, அமெரிக்காவுல மேல்படிப்பு படிச்சவங்களுக்கு கூடுதலா 20,000ங்கற கணக்குக்குள்ளதான் போட்டி போடணும். ஆனா லா ஸ்கூல் க்ளினிக்ல ஃபெலோ வேலை இருக்கு பாருங்க, சில ஸ்கூல்ல க்ளினிக்ல படிச்சவங்களையும் மாணவர்களை மேற்பார்வை பண்ண எடுப்பாங்க, சம்பளம் தர்றது யூனிவர்சிட்டி, அதனால லாட்டரி கிடையாது. அசைலம் வேலையும் பண்ணணும் விசாவும் நிக்கணும்னா எனக்குத் தெரிஞ்ச நேரான வழி அதுதான், அதுக்கு க்ளினிக் ப்ரொஃபசர் உங்களை நல்லா தெரிஞ்சவங்களா இருக்கணும். இன்னொரு நல்ல விஷயம், இமிக்ரேஷன் ஃபெடரல் லா, எந்த மாநில பார்ல இருந்தாலும் எந்த ஊர் இமிக்ரேஷன் கோர்ட்லயும் ஆஜராகலாம், அதனால வேலை தேடறப்ப முழு நாடும் திறந்திருக்கு. விசா ரூல் மட்டும் அடிக்கடி மாறிட்டே இருக்கு, நான் எழுதினதை வெச்சு முடிவு எடுக்காம உங்க டிஎஸ்ஓகிட்ட உறுதி பண்ணிக்கோங்க.


ஒன்எல்_மாணவி

ரொம்ப ரொம்ப நன்றி எல்லாருக்கும். டிக்ளரேஷன் பத்தி எழுதினதையும் துரைசிங்கம் கேஸையும் ரெண்டு தடவை படிச்சேன். ஃபெலோ வழி இருக்குன்னே இதுவரை யாரும் சொன்னதில்ல, அப்பாகிட்ட நேத்து ஃபோன்ல சொன்னேன், அவர் குரல்லயே நிம்மதி தெரிஞ்சுது. கோர்ட்டுக்கு ரெண்டு ஃப்ரெண்ட்ஸோட போகப் போறேன், டிஎஸ்ஓ அப்பாயின்ட்மென்ட் போட்டுட்டேன்.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. க்ளினிக் அப்ளிகேஷன்ல எதுக்காக இமிக்ரேஷன்னு ஒரு பக்கம் எழுதச் சொல்றாங்க. என் சொந்த விசா அனுபவம், இன்டர்வியூல நின்னது, அதெல்லாம் எழுதலாமா? அனுபவம்னு காட்ட வேற பெருசா ஒண்ணும் இல்ல.


மாஸ்டர்_காலெண்டர்

உங்க விசா அனுபவத்தை ஒரு வரி எழுதுங்க, ஒரு பக்கம் எழுதாதீங்க. நான் பழைய மாணவரா இந்த அப்ளிகேஷன்களை படிக்க உதவியிருக்கேன், பாதிக்கு மேல தன் கதையாத்தான் இருக்கும், படிக்கறவங்க தேடறது வேற. இந்த ஆளை நம்பி ஒரு க்ளையண்ட்டை ஒப்படைக்கலாமான்னுதான் பார்ப்பாங்க. நீங்க இன்னொருத்தருக்காக ஒரு வேலையை எடுத்து கடைசி வரை முடிச்சது ஏதாவது இருக்கும், வேலைல, காலேஜ்ல, வீட்ல எதுவா இருந்தாலும் பரவால்ல, நடுவுல என்ன சிக்கல் வந்துச்சு எப்படி சமாளிச்சீங்கன்னு அதை எழுதுங்க. தமிழ் எந்த அளவு வரும்னு ஒளிவுமறைவில்லாம எழுதுங்க, பேச வருமா, படிக்க வருமா, இலங்கைப் பேச்சு புரியுமான்னு தனித்தனியா. கோர்ட்ல உக்காந்து பார்த்ததுல உங்களை யோசிக்க வெச்ச ஒரு விஷயத்தை எழுதுங்க, அதுக்காகவே அப்ளை பண்றதுக்கு முன்னாடி போயிட்டு வந்துருங்க.

நேரம் பத்தி அவங்களுக்கு பெரிய பயம் இருக்கும். ஜர்னல் (சட்ட இதழ் வேலை), மூட் கோர்ட் (மாதிரி கோர்ட் வாதப் போட்டி), க்ளினிக் மூணையும் ஒரே செமஸ்டர்ல வெச்சுக்கறவங்க பாதில திணறுவாங்க, விசாரணைத் தேதி யாருக்காகவும் நகராது, பரீட்சை வாரத்துலயே வந்து நிக்கும். அந்த செமஸ்டர் வேற என்ன எடுக்கறீங்க எதை விடறீங்கன்னு வெளிப்படையா எழுதினா அது உங்க பக்கம் நிக்கும். லீவுலயும் கேஸை தொடரத் தயாருன்னா அதையும் சொல்லுங்க.

அப்ளிகேஷன் போடறதுக்கு முன்னாடி க்ளினிக் ப்ரொஃபசரோட ஆபீஸ் ஹவர்ஸ்ல ஒருதடவை போய்ப் பேசுங்க, இப்ப என்ன மாதிரி கேஸ் எடுக்கறாங்கன்னு கேளுங்க, சில க்ளினிக் அசைலம் மட்டும் எடுக்கும், சிலது டிடென்ஷன் கேஸ், சிலது ஃபெடரல் கோர்ட் வழக்கு. பல ஸ்கூல்ல ஸ்ப்ரிங் நடுவுல விண்ணப்பம் திறந்து சாதாரண ரெஜிஸ்ட்ரேஷனுக்கு முன்னாடியே மூடிருவாங்க, உங்க ஸ்கூல் தேதியை இந்த வாரமே கேட்டு வெச்சுக்கோங்க. வெயிட்லிஸ்ட்ல போட்டா பேரை எடுத்துராதீங்க, ஆகஸ்ட்ல ஒண்ணு ரெண்டு பேர் விலகறது எல்லா வருஷமும் நடக்கும், அப்ப முதல் ஃபோன் ஏற்கனவே வந்து பேசிட்டுப் போன ஆளுக்குத்தான் போகும்.